கூறைச் சேலையில் என் முதல் முதலீடு

என்னைப் பணம் போட வைப்பது மிகவும் சுலபம். "இது எல்லாருக்கும் குடுக்கிறேல்லை" என்று சொன்னால் போதும், சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

யுத்த காலத்தில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் நான் எழுதுவினைஞன். அடுத்த மேசை மணியம் அண்ணன் கருவாட்டுக் கூட்டு வியாபாரம் ஒன்று தொடங்கினார். இங்கே மலிவாக மீன் வாங்கிக் காயவைத்துக் கொழும்புக்கு அனுப்பினால் காசு இரட்டிக்குமாம். நிரந்தர நியமனம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் பங்கு. எனக்கு நியமனம் அப்போதுதான் நிரந்தரமாகியிருந்தது. (தகுதி வந்த பிறகு சும்மா இருக்க ஏலுமா?) கலியாணத்துக்குப் பிறகு குடும்பம் நடத்தவென்று சேர்த்த காசை அம்மாவுக்குச் சொல்லாமல் கொடுத்தேன்.

சண்டை மூண்டு பாதையை மூடினார்கள், லொறி போகவில்லை. மணியம் அண்ணன் நேர்மையானவர். விற்காத கருவாட்டைப் பங்கு பிரித்து, ஒரு பின்னேரம் என் பங்கைச் சாக்கில் கட்டி வீட்டிலேயே கொண்டுவந்து இறக்கினார். அன்று காலையில்தான் எங்கள் வீட்டில் என் கலியாணத்துக்காகத் தாலிக்குப் பொன்னுருக்கி, கன்னிக்காலும் நட்டிருந்தோம். கலியாணம் முடியும்வரை மீன், இறைச்சி எதுவும் படலை தாண்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். சாக்கை என் அலுமாரிக்குள் திணித்துப் பூட்டினேன். மேல்தட்டில், மணவறையில் பெண்ணுக்குக் கொடுக்க நாங்கள் வாங்கிய கூறைச் சேலை இருந்தது. அதுதான் பெட்டிக்குள் இருக்கிறதே என்று நினைத்த புத்திசாலி நான்.

கலியாணத்தன்று கோயிலில் பெண் கூறை மாற்றி வந்து என் பக்கத்தில் இருந்தாள். ஐயர் மந்திரத்தை நிறுத்தி மூக்கைத் தேய்த்தார். சாம்பிராணி போட்டார்கள்; கருவாடு சுட்டது மாதிரி ஆகிவிட்டது. பெண் வீட்டார் மீன், மச்சம் தின்றுவிட்டுக் கோயிலுக்கு வந்திருக்கிறார்கள் என்று அம்மா பெரியம்மாவிடம் குசுகுசுத்தது மணவறைவரை கேட்டது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தாலி ஏறுமுன்பே என்னால் அவளுக்குக் கெட்ட பெயர்.

"அம்மா, அது என்ர கருவாடு. கூறை கிடந்த அலுமாரிக்குள்ள ஒரு சாக்குக் கிடக்கு."

மிச்சக் கதையையும் நான் உளறிக் கொட்டினேன். பெண் குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்.

"எவ்வளவு காசு போட்டனீங்கள்?"

"கிடந்தது முழுக்க."

தாலியைக் கையில் பிடித்தபடி நான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

"இனிச் சம்பளம் என்ர கையில தரவேணும். ஓமோ?"

"ஓம்."

அதற்குப் பிறகுதான் கழுத்தை நீட்டினாள்.

இன்றைக்கும் யாராவது முதலீட்டுத் திட்டம் என்று கடதாசியோடு வீட்டுக்கு வந்தால், பிள்ளைகள் அதை வாங்கி மோந்து பார்த்துவிட்டு நேரே தாயிடம் கொடுக்கிறார்கள். வந்தவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றுவது மட்டும் என் பொறுப்பு.