நன்னிலத்தில் ஒரு விண்வெளித் தளபதி

வேற்றுக்கிரகத்தார் நாளைக் காலையில் படையெடுத்து வந்தால் எதிர்த்து நிற்க உடுப்போடு தயாராக இருந்த ஒரே ஆள், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று மாவட்டத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும், கேலக்ஸி ஒருவர்தான். சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணுவேன். நமக்கெல்லாம் ஐப்பசி அடைமழைக்கே குடை இருக்காது.

கேலக்ஸி என்பது அவர் பெயரில்லை. நன்னிலம் கடைத்தெருவில் 'கேலக்ஸி சீட் ஒர்க்ஸ்' என்று போர்டு மாட்டி பைக், டிராக்டர், வேன் எல்லாவற்றுக்கும் சீட் தைத்துக் கொடுப்பவர். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டோடு சரி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியாராக இருந்தபோது அவர் கடைக்கு மேல் மாடியில் குடியிருந்தேன். சனியன் எனக்கு மாடிப்படி ஏறித்தான் வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்து நின்றார். கையில் பிளாஸ்டிக் ஷீட், பேக்கிங் டேப்.

"சார், சட்டையக் கழட்டுங்க."

"எதுக்குங்க?"

"உங்க உடம்பும் என் உடம்பும் ஒரே அளவு. தொப்பை உட்பட. அளவு எடுக்கணும்."

அளவு என்றால் இஞ்சு டேப் வைத்து எடுப்பார் என்று நினைத்த என் புத்தியை என்னவென்று சொல்ல! கழுத்திலிருந்து முழங்கால் வரை பிளாஸ்டிக்கைச் சுற்றி, அதன்மேல் டேப்பை வரிந்து வரிந்து ஒட்டி, பேனாவால் கோடு போட்டார். இதை வெட்டி எடுத்து விரித்தால் அதுதான் மாதிரி வடிவமாம், அதை வைத்து ஃபோமை வெட்டுவாராம். வெட்டும் முன்னே கீழே யாரோ சீட் கேட்டு வர, "இதோ வந்துட்டேன் சார்" என்று போனவர் போனவர்தான். அந்த நேரம் பார்த்து எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்தார். பார்சல் மாதிரி நின்ற என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உடம்புக்கு முடியலையா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

குழந்தைகள் விளையாடத் தரையில் விரிக்கிற கெட்டி ஃபோம் பாய்தான் சரக்கு. அதைக் கட்டர் பிளேடால் வெட்டி, அனல் காற்று அடிக்கிற மெஷினால் சூடு காட்டி வளைத்து, செருப்புப் பசையால் ஒட்டி, வெள்ளிப் பெயிண்ட் அடித்தால் இரும்புக் கவசம் தோற்றுவிடும். மார்புத் தகட்டின் உட்பக்கம் பாயில் அச்சடித்த யானை, ஒட்டகம், எலி எல்லாம் அப்படியே இருக்கும், வெளியே தெரியாது. முதுகில் பேட்டரி, சுற்றிலும் நீல விளக்கு. எட்டு மாதம் செய்தார். சென்னையில் ஒரு வேஷப் போட்டி, அதற்குத்தான் இவ்வளவும்.

"இது எந்தப் படத்துல வர்ற ஆளு?" என்று கேட்டேன்.

"எந்தப் படத்துலயும் வரல சார். படம் எடுக்குறவனுங்களுக்கு இன்னும் அவ்வளவு யோசனை போவல."

கொம்பு வைத்த தலைக்கவசத்தைப் பெயிண்ட் காய மொட்டை மாடிக் கம்பில் மாட்டியிருந்தார். எதிர் மனையில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தவர் இரண்டு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கடைக்கே வந்துவிட்டார். "பூசணிக்கா கட்டுனா வாரத்துல அழுவிப் போவுதுங்க. இந்த திருஷ்டி பொம்மை கெட்டியா இருக்கு. எங்களுக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன்!" கேலக்ஸிக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. அந்த வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கே அவர் போகவில்லை.

இதெல்லாம் சிரிப்பு. சிரிக்க முடியாத சங்கதி ஒன்று இருந்தது, அது அவர் மாமனார். மாயவரம் பக்கம் நல்ல நிலக்காரர். பெண் செல்வியை அரசாங்க உத்தியோகஸ்தனுக்குக் கொடுக்க நினைத்திருந்தவர். செல்வி சீட் தைப்பவரைக் கட்டிக்கொண்டதில் பதினோரு வருஷமாக மருமகனோடு நேராகப் பேச்சில்லை. ஒரே கூடத்தில் உட்கார்ந்திருந்தாலும் பெண்ணைப் பார்த்து, "சீட்டு தைக்கிறவரு சாப்பிட்டாரா?" என்று கேட்பார். இவர் எச்சில் கையோடு எதிரே இருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் வந்தது. செல்வி முதல் நாளே கிளம்பினார். போகும்போது என்னிடம் வந்து, "சார், நாளைக்கு அவர மனுஷனா கூட்டிட்டு வாங்க. சொந்தபந்தம் முன்னாடி அப்பா ஒரு வார்த்தை அவரோட பேசிட்டா போதும், எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது. கவலைப்படாதீங்கம்மா என்று பெரிய மனுஷனாக வாக்குக் கொடுத்தேன்.

கல்யாணம் வெள்ளிக்கிழமை. போட்டி ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையில் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நான் கீழே இறங்கினால், தளபதி முழு உடுப்பில் நிற்கிறார்!

"ஒரே ஒரு தடவை போட்டுப் பாத்துட்டுக் கழட்டிடறேன் சார். முதுகுல ஒரு பட்டை பிரிஞ்சிருக்கு, கொஞ்சம் பசை வைங்க."

வைத்தேன். அந்தப் பசையை இரண்டு பக்கமும் தடவிக் காயவிட்டுத் தொட வைத்தால் ஜென்மத்துக்கும் பிரியாது என்பது எனக்குத் தெரியும். எந்தப் பட்டை என்பதுதான் தெரியாது. திறந்து மூடுகிற முதுகு வாசலை மேலிருந்து கீழ்வரை அழகாக ஒட்டி, தட்டியும் கொடுத்துவிட்டேன்.

அரை மணி நேரம் இழுத்தோம். அசையவில்லை.

"வெட்டிடுவோமா?" என்றேன்.

"எட்டு மாசம் சார்!" என்றார். குரல் உடைந்திருந்தது. பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கவசத்துக்கு மேலேயே எட்டு முழ வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு. கொம்புத் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். எதற்கும் இருக்கட்டும் என்று கட்டர் பிளேடை நான் பையில் போட்டுக்கொண்டேன். உட்கார முடியாது என்பதால் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றைப் பிடித்து, பின்னால் நின்றுகொண்டே வந்தார். நான் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் முதல் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டு வந்தேன்.

வழியில் நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். காலை வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டு, பட்டுத்துண்டோடு ஒரு உருவம் வண்டியில் நின்று போனால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? சாமி எங்கேயோ புறப்பாடு போகிறது என்று சேற்றுக் கையோடு கும்பிட்டார்கள். திரும்பிப் பார்க்கிறேன், இந்த மனுஷன் கையை உயர்த்தி ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டு வருகிறார்!

திருக்கடையூரில் அன்றைக்கு எத்தனையோ ஜோடி. எல்லா ஜோடியின் பேரப்பிள்ளைகளும் எங்கள் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். செல்வி ஒரு தடவை பார்த்தார், தலையில் கை வைத்துக்கொண்டு தூண் ஓரம் உட்கார்ந்துவிட்டார். மாமனார் மணையில் இருந்தபடி, "அது யாரும்மா?" என்றார்.

"அவருதாம்ப்பா."

மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் எந்தப் பக்கம் ஓடலாம் என்று பார்த்தேன்.

ஹோமம் ஆரம்பித்து அரை மணி இருக்கும். மாமனார் நெளிய ஆரம்பித்தார். பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டது. கட்டைப் பலகையில் உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. தாலி கட்ட இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. நாற்காலி கொண்டுவந்தார்கள். "நாற்காலியில உக்காந்து தாலி கட்ட நான் என்ன மீட்டிங்குக்கா வந்திருக்கேன்? தூக்கிட்டுப் போங்கய்யா!" என்று கத்தினார். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. மாமியார் புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கேலக்ஸி தூரத்திலிருந்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட் தைக்கிறவர் பார்வை அது.

"இடது இடுப்பு தொங்குது சார். முதுகுக்கு அண்டக் குடுக்க ஒண்ணுமில்ல. கட்டர் எடுங்க."

"ஞாயித்துக்கிழமை போட்டி..."

"எடுங்க சார்!"

வெட்டினேன். பனியனும் வேட்டியுமாக வெளியே வந்தார். தொடைக் கவசத்தை நாலாக வெட்டி அடுக்கி, இடது பக்கம் மட்டும் ஒரு மடங்கு ஏற்றினார். மார்புத் தகட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு ஓடினார். கேசரி கிண்டிக்கொண்டிருந்த சமையல்காரரை நகரச் சொல்லி, அடுப்பு அனலில் காட்டி, தன் முழங்காலில் வைத்து வளைத்தார். முதுகுத் தகட்டோடு சேர்த்துக் கட்டி, ஓடிவந்து மாமனாரை லேசாகத் தூக்கி அதை அவருக்கு அடியில் தள்ளினார்.

"இப்ப சாஞ்சு பாருங்க மாமா."

சாய்ந்தார். மெல்ல மூச்சு விட்டார். அப்படியே அசையாமல் முக்கால் மணி நேரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். தாலி கட்டக் குனிந்து நிமிர்ந்தபோது முதுகு எங்கேயோ ஸ்விட்சில் பட்டு, சுற்றிலும் நீல விளக்கு எரிந்தது. குருக்களுக்கு மந்திரம் ஒரு நிமிஷம் நின்றுபோனது. கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம்தான் பெரிசு.

ஆசீர்வாதத்துக்கு எல்லாரும் வரிசையில் வந்தார்கள். மாமனார் தலையை நீட்டி நீட்டித் தேடினார். பனியனோடு வர வெட்கப்பட்டு இவர் சமையல்கட்டில் ஒளிந்திருந்தார்.

"எங்க நம்ம மாப்பிள்ள?" என்றார் மாமனார், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "அவர வரச் சொல்லுங்க. அவரு வராம நான் எந்திரிக்க மாட்டேன்." வந்தவரின் தோளில் தன் பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்துப் போர்த்தினார். செல்வி அழுத அழுகையை நான் எழுத மாட்டேன். நானும் அழுதேன், புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டிக்கு அவர் போகவில்லை. கடையில் உட்கார்ந்து யாருக்கோ டிராக்டர் சீட் தைத்துக்கொண்டிருந்தார். "வருத்தமா இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இருக்கு சார், பொய் சொல்லுவானேன்? ஆனா மாமா அந்த கவச சீட்ட கார்ல போட்டுக்கிட்டாரு. விண்வெளிக்குப் போவ வேண்டியது, தெனம் மாயவரம் போயிட்டு வருது."

எனக்கு மாற்றல் வந்து ஐந்து வருஷமாகிறது. இப்போது இருக்கிற ஊரில் என் தெருவிலேயே இரண்டு சீட் கடை இருக்கிறது. ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை, கிழியாத சீட்டை மாற்ற வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, நாலு மணி நேரம் பைக்கை ஓட்டிக்கொண்டு நன்னிலம் போய்விடுகிறேன்.