வயிற்றுவலிக்காரருக்கு எத்தனை தலையணை?

அயர்லாந்தில் நோயாளிகளையும் குளிரையும் ஒருசேரச் சமாளித்துக்கொண்டிருக்கும் என் தங்கை அன்னம்மாவுக்கு, மூத்த அச்சாயன் பைலி எழுதுவது. கர்த்தர் உனக்கும் மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல சுகம் தரட்டும். இங்கே நானும் உன் அண்ணி ஏலிக்குட்டியும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உட்கார்ந்திருப்பது ஆஸ்பத்திரிக் கட்டிலில். பதறாதே. போனில் சொன்னால் முதல் வார்த்தையிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய், மிச்சத்தைக் கேட்க மாட்டாய். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நம்மூர் நர்சிங் பள்ளியில் செய்முறைத் தேர்வு. நிஜ நோயாளியை இருபது பிள்ளைகள் மாறி மாறி அமுக்கினால் அவன் பிழைக்க மாட்டான் என்று, நோயாளியாக நடிக்க ஆள் தேடினார்கள். முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவனுக்கு நடிப்பு வராதா? நானே போய் நின்றேன். லிஸம்மா டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தார். பெயர் மத்தாய், நேற்றிலிருந்து வலது அடிவயிற்றில் வலி, இரண்டு முறை வாந்தி. அவர் கையில் வேறொரு தாள். அதில் முப்பது வரி. பிள்ளை ஒவ்வொன்றாகச் செய்யச் செய்ய டிக் போடுவார்; வரிக்கு ஒரு மதிப்பெண்.

முதலில் வந்தவள் ரின்ஸா. “வணக்கம், என் பேரு ரின்ஸா, கை கழுவிட்டேன்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். அந்த அறையில் குழாயே கிடையாது, அன்னம்மா! சொன்னதற்கே டிக். “வலி பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள எவ்வளவு அப்பச்சா?” என்றாள். “பன்னெண்டு” என்றேன். குனிந்து எழுதிக்கொண்டவள் தலை நிமிரவே இல்லை. எனக்கு உற்சாகம் கூடி, மச்சான் வீட்டுப் பன்றிக்கறி தின்றதில் தொடங்கிய வலி என்று கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன். டீச்சர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, “பைலிச்சேட்டா, தாள்ல இருக்கிற வலி போதும். சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம்” என்றார். ரின்ஸாவுக்கு முப்பதுக்கு இருபத்தெட்டு.

ஏழாவதாக அம்பிளி வந்தாள். போன முறை தோற்றவள். இந்த முறையும் போனால் ஒரு வருஷம் பாழ். தன் பெயரைச் சொல்ல மறந்தாள். கை கழுவியதாகச் சொல்ல மறந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தவள் விடவே இல்லை. ஒரு நிமிஷம் எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள். பிறகு என் கால்பக்கம் போய் சாக்ஸைக் கீழே இறக்கி, கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். குழி விழுந்தது.

“அப்பச்சா, எத்தன தலகாணி வச்சுப் படுக்கறீங்க?”

“வயித்து வலிக்குத் தலகாணி எதுக்குடீ? தாள்ல அது இல்லையே.”

“தாள்ல இருக்கிற மத்தாய்க்கு இல்ல. உங்களுக்கு.”

“ஒண்ணு” என்றேன். பொய். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்படி என்னை யாரும் பார்த்து எவ்வளவு நாளாயிற்று! நானும் என் காலத்தில் டிக்கெட்டைப் பார்த்தேனே தவிர ஆளைப் பார்த்ததில்லை. “மூணு” என்று என் வாய் தானாகச் சொல்லியது. “ஒரு மாசமா. படுத்தா மூச்சு முட்டுது. ஏலிக்குட்டிகிட்ட சொல்லாதே.” நம் அப்பன் மூச்சு முட்டித்தான் போனார் என்று உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் சொல்லாமல் இருந்தேன்.

மணி அடித்தது. வயிற்றை அவள் தொடவே இல்லை. முப்பதுக்குப் பதினொன்று. தோல்வி. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நல்ல நடிகன் என்ற பேரோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். முடியவில்லை. “டீச்சரே, நீங்களே என் நாடியை ஒருக்கா பிடிச்சுப் பாருங்க” என்று கையை நீட்டினேன். பிடித்தவர் முகம் மாறியது. அரைமணி நேரத்தில் இந்தக் கட்டில். இதயம் தளர்ந்து உடம்பில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். ஏலிக்குட்டி முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் எனக்கு வந்த உப்பில்லாக் கஞ்சியைத் தானும் குடித்தாள்.

சாயங்காலம் டீச்சர் வந்தார். “அப்ப அந்தப் புள்ளைக்கு முப்பதுக்கு முப்பது போடுங்க” என்றேன்.

“எந்த வரியில போட, பைலிச்சேட்டா? வயித்துவலின்னு வந்தவர் வயித்த அவ தொடல. நாளைக்கு நிஜமாவே குடல் வெடிக்கிற நிலைல ஒருத்தர் வந்தா? நடந்தத தாளுக்குப் பின்னாடி எழுதி மேலே அனுப்பிருக்கேன். அதனால வருஷம் பாழாகாது, ரெண்டு வாரத்துல மறுதேர்வு வச்சிருக்காங்க.”

என் உயிரைக் காப்பாற்றியவளுக்கு மறுதேர்வாம்! முப்பது வரியில் ‘ஆளைப் பார்த்தாளா’ என்று ஒரு வரி இல்லாத தாள் என்ன தாள்? நீ இருபது வருஷமாக வார்டை நடத்துகிறவள். அங்கிருந்து நீ எழுதினால் இங்கே மதிப்பார்கள். அந்தத் தாளைக் கிழித்துப் போடச் சொல்லியும், அம்பிளிக்குத் தேர்வில்லாமலே பாஸ் போடச் சொல்லியும் கடுமையாக ஒரு கடிதம் உடனே எழுது.

லீவு போட்டு ஓடிவர வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. மாதா உங்களைக் காக்கட்டும்.

உன் அச்சாயன்,
பைலி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. நர்சிங் பிள்ளைகளுக்குப் பயிற்சி இந்த ஆஸ்பத்திரியில்தான்; இன்று காலை என்னைப் பார்த்துக்கொள்ள அம்பிளியை விட்டிருந்தார்கள். காலைப் பார்த்தாள், மூச்சைக் கேட்டாள், “பயமா இருக்கா அப்பச்சா?” என்றும் கேட்டாள். நான் நம் அப்பன் கதையைச் சொல்லி அழுதேன். கையைப் பிடித்துக்கொண்டு அவளும் அழுதாள். பிறகு நீர் இறக்கும் மாத்திரையைக் கொடுக்காமலே போய்விட்டாள். பதினொரு மணிக்கு ரின்ஸா என் மருந்துத் தாளைப் பார்த்தபடியே வந்தாள். ஒரு கட்டம் காலி என்று கண்டுபிடித்தாள். என் பெயரை இரண்டு முறை கேட்டு, சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டி, மாத்திரையைத் தந்தாள். இப்போதும் தலை நிமிரவில்லை. ஆனால் மாத்திரை சரியான மாத்திரை. ஆகவே நீ யாருக்கும் ஒன்றும் எழுத வேண்டாம். அம்பிளி தேர்வு எழுதட்டும். நான் இங்கே இருக்கும்வரை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டியூட்டிக்கு வர வேண்டுமென்று மட்டும் ஜெபம் பண்ணு.