சம்பந்தி தண்ணீரில் இருக்கிறார்

தோரிபியோ குபுலின் கால்சட்டை போய்விட்டது.

எங்கே போனது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். அவருக்கு நேர் கீழே, முப்பது மீட்டர் ஆழத்தில் எங்கோ. மேல்தட்டுப் பாறையிலிருந்து குதித்தபோது இடுப்பில் இருந்தது; தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியபோது இல்லை. "நாடா இத்துப் போச்சு, மாத்துங்க, மாத்துங்க" என்று மனைவி மெல்பா ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மனைவி சொல்வதில் எது பலிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் மனிதன் ஏன் கஷ்டப்படுகிறான்?

பூமிக்கடியில் இருக்கும் அந்தக் குகைக்கிணற்றுக்கு ஊர்ச் சங்கம் வைத்த காவலர் அவர். படி எங்கே வழுக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குக் காட்டி, மழைக்கு அதிபதியான சாக் தெய்வத்துக்கு மாயா முன்னோர்கள் இங்கே படையல் போட்டதைச் சொல்லி, மிதவைச் சட்டை மாட்டிவிட்டுக் குளிக்க அனுப்புவார். அன்று திங்கட்கிழமை, விடுமுறை. மகள் லாந்தியைப் பெண் கேட்க இரண்டு மணிக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். வந்தவர்களுக்குக் கிணற்றைக் காட்ட வேண்டாமா? மிதக்கும் இலைகளை அரித்தெடுக்க வெறும் கால்சட்டையோடு வந்தார். அரித்து முடித்தார். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் இல்லையே என்று, ஐம்பத்திரண்டு வயதில், ஒரு குதி குதித்தார்.

மூன்று முறை மூழ்கிப் பார்த்தார். காது அடைத்ததுதான் மிச்சம்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் வரப்போகிறவர் தெக்காஷ் ஊர் எர்மிலோ பாலாம். ஆரஞ்சுத் தோட்டக்காரர், கோவில் கமிட்டித் தலைவர். மூத்த மகனுக்குப் பெண் கேட்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா பனியனோடு வந்து கதவைத் திறந்தார் என்று வாசலோடு திரும்பி வந்துவிட்டவர் என்று பேச்சு. பனியனுக்கே அப்படி என்றால்!

'சரி, படியேறி வீட்டுக்கு ஓடிவிடலாம்' என்று பார்த்தால், வீடு இருநூறு அடி தள்ளி, கோவில் வாசலைக் கடந்து இருக்கிறது.

அப்போது படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது.

பாறையோரம் வரிசையாகத் தொங்கிய மிதவைச் சட்டைகளில் கைக்கு எட்டிய ஒரே ஒன்றைத் தண்ணீரில் இருந்தபடியே எட்டிப் பிடுங்கினார் தோரிபியோ. பாவாடை மாதிரி இடுப்பைச் சுற்றிக் கட்டி, கொக்கியை மாட்டினார். மிதவைச் சட்டை என்பது கட்டிய இடத்தை மேலே தூக்குவதற்காகச் செய்யப்பட்ட பொருள். மார்பில் கட்டினால் தலை மேலே வரும். இடுப்பில் கட்டினால் என்ன மேலே வரும் என்பதை, இருபது வருடமாக ஊருக்கெல்லாம் மாட்டிவிட்டவர் அந்த நிமிடம்தான் தெரிந்துகொண்டார்.

"அப்பா! ஏன் தலைகீழா நிக்கிறீங்க?"

லாந்தியின் குரல். கைகால்களை அடித்து ஒருவழியாகக் கொக்கியைக் கழற்றி, முகத்தை வெளியே எடுத்தார். மிதவைச் சட்டை கைக்குத் தப்பிக் கிணற்றின் நடுவுக்குப் போய்விட்டது.

"ஒண்ணுமில்லம்மா."

"அவங்க வந்துட்டாங்கப்பா. ரெண்டு மணின்னாங்க, பன்னெண்டுக்கே வேன் வந்து நிக்குது. சீக்கிரம் வாங்க."

"அம்மாவை வரச் சொல்லு."

"அம்மா வான்கோழிக் குழம்பைக் கிண்டிட்டிருக்காங்க. கையை எடுத்தா அடி பிடிச்சிடும்னு கத்துறாங்க."

"அப்போ என்னோட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். கல்யாணத்துக்கு நிற்கும் மகளிடம் சொல்லுகிற பேச்சா அது?

"உங்களோட என்னப்பா?"

"என்னோட வேண்டுதல் முடியலைன்னு சொல்லு."

"வேண்டுதலா? நீங்களா?"

"உன் கல்யாணத்துக்குத்தான். சாக்கிட்ட அனுமதி கேக்கிறேன். முடியுற வரைக்கும் தண்ணியை விட்டு ஏறக்கூடாது."

லாந்தி கம்மிய குரலில், "எனக்காகவாப்பா?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள்.

குளிர்ந்த தண்ணீருக்குள்ளும் தோரிபியோவுக்கு முகம் சுட்டது. அவசரத்தில் சாக்கையே சாக்காகச் சொல்லிவிட்டோமே! இதே தண்ணீரில், மழை பொய்த்த வருடங்களில், அவருடைய அப்பா சுரைக்குடுக்கையில் சோளக்கஞ்சி கொண்டுவந்து, ஓரப் பாறையில் இடுப்பளவு நின்று, நிஜமாகவே அனுமதி கேட்டிருக்கிறார். அவருடைய இடுப்பில் வேட்டி மாதிரி ஒரு துணியாவது இருந்தது.

வெட்கப்பட்டது போதும், மிதவைச் சட்டையைப் பிடித்துவிடுவோம் என்று நடுக்கிணற்றுக்கு நீந்தினார். பாதி தூரம் போகும்போது, கூரையில் இருந்த பெரிய துவாரத்தின் வழியாக மேலேயிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. சட்டென்று வெளிச்சத்தை விட்டு ஓரத்து நிழலுக்கு ஒதுங்கினார்.

"ஐயோ, தேவமாதாவே!" என்றாள் ஒரு பெண், மேலே. அதன்பின் ஒரே நிசப்தம்.

'முதல்தடவை பார்க்கிறவங்க எல்லாம் இப்படித்தான் வாயைப் பிளப்பாங்க' என்று நினைத்துக்கொண்டார். கிணற்றின் அழகு அப்படி. குனிந்து பார்த்தார். தண்ணீரின் மேல் தன் முகம்தான் தெரிந்தது. அதற்குக் கீழே கன்னங்கரேலென்று இருந்தது. நமக்கே தெரியாதபோது ஊருக்கு என்ன தெரியப் போகிறது? கொஞ்சம் தைரியம் வந்தது.

படி இறங்கி வந்தார்கள். முன்னால் எர்மிலோ பாலாம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில். பின்னால் அவருடைய தங்கை எலாதியா, பூவேலை உடுப்பும் கையில் ரொட்டிக் கூடையுமாக. கூடையை மூடி ஒரு பெரிய பூத்துணி. அதற்குப் பின்னால் சாக்லேட் பொட்டலத்தோடு மாப்பிள்ளை காஸ்பர். கடைசியில் வேன் ஓட்டுநர் நசாரியோ. நல்லவேளை, லாந்தி இல்லை. அம்மாவுக்கு உதவியாக இருக்கச் சொல்லி எர்மிலோவே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம்.

ஆண்கள் மூன்று பேரும் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்கள். நான்கு பேரும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தபடி நின்றார்கள்.

என்ன பக்தி! தோரிபியோ கூனிக் குறுகிப் போனார்.

"வணக்கம், சம்பந்தி" என்றார் எர்மிலோ, கூரையில் தொங்கும் கல்விழுதைப் பார்த்து. "வேண்டுதல்ல இருக்கீங்கன்னு பொண்ணு சொல்லிச்சு."

"ஆமா, சம்பந்தி. நீங்க வீட்டுக்குப் போய் உக்காருங்க. எனக்கு நேரமாகும்."

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போறது மரியாதையா? எவ்வளவு நேரமாகும்?"

"தண்ணி பதில் சொல்ற வரைக்கும்."

"எப்படிச் சொல்லும்?"

இதை அவர் யோசித்து வைக்கவில்லை. "குமிழி வரும்" என்றார்.

நான்கு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டே குமிழிக்குக் காத்திருந்தார்கள். ஒரு வௌவால் இங்கிருந்து அங்கே பறந்தது. இப்படியே நின்றால் விறைத்துச் செத்துவிடுவோம் என்று தோன்றவே, தோரிபியோ வாயைத் தண்ணீருக்குள் விட்டு மெதுவாக ஊதினார். குகை பூராவும் 'பளக் பளக்' என்று எதிரொலித்தது.

"வந்துடுச்சு!" என்றான் காஸ்பர். "காதால கேட்டேன்."

"பதில் வந்துடுச்சே, சம்பந்தி" என்றார் எர்மிலோ. "இனிமே வெளிய வரலாமில்ல?"

வெளியே வருவதா! குமிழி விட்டால் தொல்லை தீரும் என்று மட்டும் நினைத்தாரே ஒழிய, தீர்ந்தால் மேலே ஏற வேண்டும் என்று நினைக்கவில்லை.

"அது இல்லை, சம்பந்தி. அது மீன் குமிழி."

"மீன் குமிழியா?"

"மீன் விடுறது சின்னதா இருக்கும். சாக்கோடது பெருசா வரும்."

நசாரியோ வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். எலாதியா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "பாவம், அண்ணா, அவருக்குப் பல்லு தந்தி அடிக்குது" என்று சுவரிடம் சொன்னாள்.

"வேண்டுதல்னா சும்மாவா?" என்றார் எர்மிலோ. "நாங்களும் கூடச் சேர்ந்துக்கிறோம். நீங்க சொல்லுங்க, நாங்க பின்னால சொல்றோம்."

நால்வரும் கண்ணை மூடினார்கள்.

அப்பா சொன்ன வார்த்தைகள் தோரிபியோவுக்கு ஞாபகம் இருந்தன. ஒன்றுகூட மறக்கவில்லை. ஆனால் இந்தக் கோலத்தில் அவற்றை வாயில் எடுக்க நாக்கு கூசியது. சம்பந்தியை ஏமாற்றலாம், பெற்ற மகளை ஏமாற்றியாகிவிட்டது, செத்துப்போன அப்பாவையுமா? பனியனைப் பார்த்துத் திரும்பிப் போனவர் இதைக் கேட்டால் வேனை நிறுத்தாமல் தெக்காஷுக்கே போவார். போகட்டும். லாந்தி அழுவாள். அதற்கும் தான்தான் காரணம்.

"சம்பந்தி" என்றார் மெல்ல. "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் வந்து, இங்க எப்படி இருக்கேன்னா..."

"எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு!" என்று எர்மிலோ சத்தமாகக் குறுக்கிட்டார்.

"வழக்கமா?"

"பொண்ணைப் பெத்தவர் வேண்டுதல் முடிச்சுத் தண்ணியை விட்டு ஏறுறப்போ, பிள்ளை வீட்டுக்காரங்க பாக்கக்கூடாது. ரொட்டிக் கூடைத் துணியைப் படியில வெச்சிட்டு, சுவரைப் பாத்துத் திரும்பி நிக்கணும். அவர் அதைக் கட்டிக்கிட்டு முன்னால நடக்கணும். நாங்க பின்னால வருவோம்."

"இதென்ன புதுசா..." என்றாள் எலாதியா.

"எலாதியா! வழக்கம்."

"ஆமாமா, வழக்கம். ரொம்பப் பழசு" என்று அவள் துணியை உருவிப் படியில் வைத்தாள்.

நான்கு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பினார்கள்.

இப்படியும் ஒரு வழக்கம் உலகத்தில் இருக்குமா! எந்த மகராசன் ஏற்படுத்தினானோ என்று வாழ்த்திக்கொண்டே தோரிபியோ கரையேறினார். துணியை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினார். சிவப்புச் செம்பருத்தியும் இரண்டு மயில்களும் பின்னியிருந்த துணி. முன்னால் செம்பருத்தி வந்தது. மயில்கள் பின்பக்கம் போயின.

அந்த ஊர்வலத்தை ஊர் நீண்ட நாள் பேசியது. முன்னால் வெற்று மார்போடும் மயில்களோடும் சொட்டச் சொட்டத் தோரிபியோ, பின்னால் தொப்பியை மார்பில் வைத்து, நடுவானத்தைப் பார்த்தபடி சம்பந்தி வீட்டார். கோவில் வாசலில் பூ விற்கிற பெண் எழுந்து நின்று சிலுவைக்குறி போட்டாள். நாய்கள்கூடக் குரைக்கவில்லை.

வாசலில் கரண்டியோடு நின்ற மெல்பா புருஷனை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க இது?"

"அவங்க பக்கத்து வழக்கம்."

அவள் துணியைப் பார்த்தாள். அது இடுப்பில் முடிந்திருந்த இடத்தைப் பார்த்தாள். நாடாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு அவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

தேய்த்த பேண்ட்டும் சட்டையுமாக அவர் வந்து உட்கார்ந்ததும், எர்மிலோ முறைப்படி எழுந்து பெண் கேட்டார். ரொட்டியும் சாக்லேட்டும் கை மாறின. சாராயப் புட்டி வட்டம் வந்தது. கல்யாணம் ஜனவரியில் என்று முடிவானது. மிளகாயைக் கருக்கி அரைத்த வான்கோழிக் குழம்பை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். தோரிபியோவுக்கு மட்டும் ஒரு கவளம் இறங்கவில்லை. லாந்தி அவர் தட்டில் நல்ல துண்டாகப் பார்த்துப் போட்டு, "எங்கப்பா எனக்காக ஒரு மணி நேரம் தண்ணியில நின்னாரு" என்று காஸ்பரிடம் சொன்னபோது, தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அங்கே புளிப்பு ஆரஞ்சு மரத்தடியில், வேன் ஓட்டுநர் நசாரியோ மூன்றாவது தட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். யாரிடமாவது பாதி உண்மையையாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது தோரிபியோவுக்கு. வேன் ஓட்டுபவரிடம் சொன்னால் என்ன?

"தம்பி, உங்க பெரியவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்று பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் இன்னைக்கு ஒரு பெரிய பொய் சொன்னேன். உங்க ஊர் வழக்கம் ஒண்ணு இருந்துச்சோ, என் மானம் தப்பிச்சுதோ."

நசாரியோ எலும்பைக் கீழே வைத்தார். விரலைச் சூப்பினார்.

"வழக்கமாவது ஒண்ணாவது, அண்ணே! எங்க மலைப்பக்கம் இப்படி ஒரு தண்ணிக் குழியே கிடையாது. மேலே துவாரத்துல எட்டிப் பாத்தா, உங்க கிணத்துத் தண்ணி கண்ணாடி மாதிரி அடி வரைக்கும் தெரிஞ்சுது. 'எவனும் தலையைக் குனியக்கூடாது, குனிஞ்சா சம்பந்தி மானம் போயிடும்'னு சொல்லிட்டு, படி இறங்கி முடிக்கிறதுக்குள்ள எங்க பெரியவர் உண்டாக்கின வழக்கம் அது."