மச்சான் வந்தார், மச்சம் போனது

"இண்டையில இருந்து இந்த வீட்டில இறைச்சி இல்லை."

ஆறுமுகநாதர் இப்படி அறிவித்தபோது அவருடைய ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பை இருந்தது. மறு கை நெஞ்சில் இருந்தது.

"ஏனப்பா?" என்றாள் மனைவி மீனாம்பிகை.

"டொக்டர் சொல்லிப்போட்டார். இரத்தத்தில கொழுப்பாம். படிப்படியா மரக்கறிக்கு மாறட்டாம். முதல் இறைச்சி, பிறகு முட்டை, பிறகு மீன். எல்லாரும் சேர்ந்து மாறினாத்தான் மனம் தளம்பாதாம்."

எந்த டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய இரத்தத்தில் கொழுப்பு இல்லை. வீட்டில் மச்சான் இருந்தார். அதுதான் அவருக்கு வருத்தம்.

ஆறுமுகநாதர் மாத்தளையில் அரசாங்க எழுதுவினைஞர். உக்குவளையில் ரயில் பாதையோரம் வாடகை வீடு. பிள்ளைகள் இல்லை. சத்தம் இல்லை, சண்டை இல்லை, மீனின் நடுத்துண்டுக்குப் போட்டி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தொண்ணூற்றாறாம் ஆண்டு தொடக்கத்தில் மீனாம்பிகையின் தமையன் ஸ்ரீஸ்கந்தராஜா ஒரு துணிப்பையோடு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். யுத்தம் நெருங்கியபோது ஊரோடு சேர்ந்து எழும்பி நடந்தவர். கிளாலிக் கரையில் வள்ளத்துக்கு நின்ற சனத்துக்குள் ஒரே மகன் குணாளனைத் தவற விட்டவர். தாயில்லாத பிள்ளை. வவுனியாவில் தேடினார். முகாம் முகாமாகத் தேடினார். தேடிக் களைத்து, கடைசியில் தங்கச்சி வீட்டுக்கு வந்தார்.

ஆறுமுகநாதர் கல்நெஞ்சர் அல்ல. முதல் கிழமை மச்சானோடு சேர்ந்து அழுதார். இரண்டாம் கிழமை பெருமூச்சு விட்டார். மூன்றாம் கிழமை தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்தார். அதில் மீனின் வால்துண்டு கிடந்தது. நடுத்துண்டு மச்சானுடைய கோப்பையில் இருந்தது.

அதோடு, வீட்டில் புதிதாக யார் நிற்கிறார்கள் என்று கேட்டுப் பொலிஸ் இரண்டு தரம் வந்து போனது. இரண்டு தரமும் ஆறுமுகநாதர்தான் வாசலில் நின்று பதில் சொன்னார். மச்சானைப் போகச் சொல்ல வாய் வரவில்லை. கடற்கரைக் காற்றில் வளர்ந்த மனுசனுக்கு மீனும் இறைச்சியுமான மச்சத்தை நிறுத்தினால் தானாகவே போய்விடுவார் என்று கணக்குப் போட்டார். அந்தக் கணக்குக்குத்தான் டொக்டர் பட்டம் கட்டினார்.

மீனாம்பிகை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "உங்கட சுகம்தானப்பா எனக்குப் பெரிசு," என்றாள். அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

இறைச்சி போனது. முட்டை போனது. மீன் போனது, கருவாடு போனது, சம்பலுக்குள் இடிக்கிற மாசித்தூளும் போனது. மனைவியின் பெயரில் இருந்த மீன் மட்டும்தான் மிச்சம். காலையில் இலைக்கஞ்சி. மத்தியானத்துக்குக் கட்டிக்கொடுத்த சோற்றில் பொன்னாங்காணியைப் பொடியாக அரிந்து, வெங்காயமும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பிரட்டிய வறை. இரவில் ஈரப்பலாக்காய்ப் பால்கறி. இடையில் வல்லாரைச் சம்பல், தேசிப்புளி விட்டு. சமையல் சுலபம், செலவு குறைவு, ருசியும் இருந்தது. ஆனால் மூன்று வேளையும் இலையைத் தின்றால் மனுசன் ஆட்டைக் கண்டு கூச்சப்படத்தான் வேண்டும்.

ஆறுமுகநாதர் தனக்கு மட்டும் ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார். மாத்தளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மக்கீனின் தேத்தண்ணிக் கடை. மக்கீன் அடுத்த வீட்டுக்காரர். மத்தியானத்தில் அங்கே இரண்டு மீன் ரொட்டியும் ஒரு கட்லட்டும் சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, ஏலக்காய் மென்று, பிறகு அலுவலகம் போவார். கட்டிக்கொடுத்த சோறு தெரு நாய்க்கு. அந்த நாயும் படிப்படியாக மரக்கறிக்கு மாறியது.

ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. மச்சான் மெலியவில்லை. வந்தபோது ஒட்டிக் கிடந்த கன்னம் நிரம்பிக்கொண்டு வந்தது. போகும் பேச்சையே காணவில்லை. அது போதாதென்று, ஆறுமுகநாதரைக் கண்டால் எழும்பி நின்றார்.

"மரக்கறி உங்களுக்குப் பிடிச்சிட்டுது போல," என்று ஒருநாள் தூண்டில் போட்டுப் பார்த்தார்.

மச்சானுக்குக் கண் கலங்கியது. எழும்பி உள்ளே போய்விட்டார்.

அடுத்த நாள் மத்தியானம் ஆறுமுகநாதர் மக்கீனின் கடையில் வழக்கமான மேசையில் போய் இருந்தார். மீன் ரொட்டி வரவில்லை. ஒரு தட்டில் அவித்த கடலை வந்தது. பின்னால் மக்கீனே வந்தார். நெஞ்சில் கை வைத்தார்.

"மன்னிச்சிக்கங்க ஐயா. நேத்துத்தான் எங்கட பொஞ்சாதி மஸீஹா சொன்னா. தெரிஞ்சிருந்தா இவ்வளவு நாளும் மீன் தந்திருப்பேனா?"

"என்ன சொன்னவ?"

"காணாமப் போன புள்ளைக்காக நேர்த்தி வச்சிருக்கீங்களாமே. அது வந்து சேர்ற வரைக்கும் மச்சம் தொட மாட்டீங்களாமே. பசி தாங்காமத்தான் இங்க வந்து சாப்பிட்டிருப்பீங்க. மனுசன்தானே. ஆனா இனி எங்கட கையால அந்தப் பாவம் வேணா ஐயா. வேற கடைக்காரங்கட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அல்லாஹ் அந்தப் புள்ளயக் கொண்டு வந்து சேப்பான்."

கடலைத் தட்டு அப்படியே கிடந்தது. ஆறுமுகநாதர் அரை நாள் லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தார்.

வீட்டில் ஆள் இல்லை. ஆனால் வாசம் இருந்தது. பாரைமீன் குழம்பு வாசம். மூக்கு வழிகாட்ட, அடுத்த வீட்டுப் பின்கதவுக்குப் போனார். மஸீஹாவின் குசினியில் மச்சான் பலகையில் இருந்தார். முன்னால் ஒரு கோப்பை சோறு. அதன் உச்சியில் மீனின் நடுத்துண்டு.

ஸ்ரீஸ்கந்தராஜா துடித்து எழும்பினார். குழம்புக் கையோடு வந்து கட்டிப்பிடித்தார்.

"மச்சான், என்னை மன்னியுங்கோ. விரதகாரருக்கு முன்னால மச்சம் புழங்கக் கூடாது, இஞ்ச வந்து சாப்பிடுங்கோ எண்டு தங்கச்சிதான் சொன்னவள். ரெண்டு பேரும் பட்டினி கிடந்தாப் பிள்ளையை ஆர் தேடுறது எண்டு கேட்டவள். பெத்தனான் நான் சாப்பிடுறன். பெறாத நீங்கள் என்ர பிள்ளைக்காக வயித்தைக் காயப்போடுறியள்."

"இல்லை மச்சான், அது வந்து..."

"கொழும்பில ஒரு சிநேகிதன் வரச் சொன்னவன். அப்பவே வெளிக்கிடத்தான் இருந்தனான். இந்த விசயத்தைக் கேட்ட பிறகு உங்களை விட்டிட்டு எப்பிடிப் போவன்? இனி ஒரு இடமும் போக மாட்டன்."

ஆறுமுகநாதரின் வெள்ளைச் சட்டை முதுகில் ஐந்து விரலும் மஞ்சளாகப் பதிந்தன.

அன்று பின்னேரம் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினார். மீனாம்பிகை தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது?" என்றார், குரலை அடக்கி.

"எது?"

"நான் எப்ப நேர்த்தி வைச்சனான்?"

"டொக்டர் எப்ப உங்களுக்குக் கொழுப்பெண்டு சொன்னவர்? நான் போய்க் கேட்டனான். உங்களைக் கண்டே கனகாலமாம்."

ஆறுமுகநாதர் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"அண்ணா கேட்டார், ஏன் பிள்ளை வீட்டில மச்சம் இல்லை எண்டு. நான் என்ன சொல்ல? என்ர புருசன் உங்களைப் பட்டினி போட்டுத் துரத்தப் பாக்கிறார் எண்டோ? எனக்கு வெக்கமாய்க் கிடந்தது. அதுதான் உங்களை நல்ல மனுசன் ஆக்கினனான்."

திருவலையில் தேங்காய் கரகரத்தது.

"சரி. இந்த விரதம் எப்ப முடியும்?"

"பிள்ளை வந்து சேருற அண்டைக்கு."

"வராட்டி?"

தேங்காய்த் திருவல் நின்றது. மீனாம்பிகை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

"அதை நீங்களே போய் அண்ணாவிட்டச் சொல்லுங்கோ."

போனார். கூடம் வரை போனார். வாசலில் ஸ்ரீஸ்கந்தராஜா நின்றார். கண்டியிலிருந்து வரும் பின்னேர ரயில் கடந்துகொண்டிருந்தது. பெட்டி பெட்டியாக, யன்னல் யன்னலாக, நுனிக்காலில் எம்பி எம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியும் போன பிறகு காலைத் தரையில் ஊன்றினார். திரும்பி ஆறுமுகநாதரைக் கண்டதும் சிரித்தார்.

"இண்டைக்கில்லை மச்சான். நாளைக்குப் பாப்பம்."

ஆறுமுகநாதர் தலையாட்டினார். குசினிக்குத் திரும்பி வந்து பலகையில் இருந்தார். மனைவி சோறு போட்டாள். கறி விட்டாள். அவர் கோப்பையை நீட்டினார்.

"பொன்னாங்காணி இன்னும் கொஞ்சம் வையும்."