பில்லில் ஏறிய பாவம்

பாவம் மனிதனுக்கு மட்டும்தான் உண்டு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம். தப்புக் கணக்கு. சுவரில் துளை போடும் மெஷின் வாங்கிய பில்லுக்கும் பாவம் உண்டு. பெயின்ட் டப்பா பில்லுக்கு உண்டு. பெட்ரோல் பில்லுக்கோ கேட்கவே வேண்டாம், ஏழு பிறவிக்குச் சேர்த்து வைத்த பாவம். இந்த மாபெரும் உண்மையைக் கண்டுபிடித்துச் சொன்னவர் வரிச் சித்தர். டயர்க் கடை மாடியில் ஓர் அறை பிடித்து அருள்பாலிக்கத் தொடங்கினார். அவ்வளவுதான், கீழே தெரு முழுக்க ஏணி கட்டிய வேன்கள். குழாய்க்காரர், பெயின்டர், டைல்ஸ் ஒட்டுகிறவர் என்று சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுத்துப் பிழைக்கிற அத்தனை பேரும் மடியில் ஒரு பை பில்லோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் உடைந்த குழாயெல்லாம் உடைந்தபடியே ஒழுகிக்கொண்டிருந்தன.

சொந்தத் தொழில்காரர்களின் தலைவலி என்ன தெரியுமா? வருடக் கடைசியில் வரி. சம்பாதித்ததில் தொழிலுக்குச் செலவழித்ததைக் கழித்துவிட்டு மீதிக்குக் கட்டினால் போதும். ஆனால் செலவழித்தேன் என்று வாயால் சொன்னால் வரி அலுவலகம் கேட்காது, பில்லைக் காட்ட வேண்டும். எது தொழில் செலவு, எது வீட்டுச் செலவு என்று பிரிப்பது ஒன்றும் மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. சந்தேகம் வந்தால் அலுவலகத்திலேயே கேட்கலாம். ஆனால் கேட்டால் பதில் புரிந்துவிடுமே என்ற பயம் நம் ஆட்களுக்கு.

சித்தரின் முறை எளிமையானது. சுற்றிலும் வெல்வெட் துணி தொங்கும் பீடம், அதன்மேல் ஒரு பித்தளைத் தட்டு. பில்லைத் தட்டில் வைத்து, கண்ணை மூடி, “கழி, கழி” என்று முணுமுணுப்பார். காகிதம் வெள்ளையாகவே இருந்தால் அது புண்ணிய பில், தாராளமாகத் தொழில் செலவில் எழுதலாம். கறுத்துவிட்டால் பாவம் ஏறிய பில். அதை எழுதினால் அதிகாரி பாய்வார். அதற்கும் பரிகாரம் உண்டு. காணிக்கை வைத்தால் முத்திரை குத்திய ஒரு சீட்டு கிடைக்கும். சீட்டைப் பார்த்ததும் அதிகாரியின் கண் தானாக மூடிக்கொள்ளுமாம்.

இதில் ஓர் அதிசயம் நடந்தது. வயர் வாங்கியது, சிமென்ட் வாங்கியது, வேனுக்கு பிரேக் மாற்றியது என்று மெஷினில் அச்சடித்து வந்த நியாயமான பில்லெல்லாம் ஒன்றுவிடாமல் கறுத்தன. கையால் எழுதிய பில்லெல்லாம் பால் மாதிரி பளபளத்தன. குழாய்க்காரர் சந்தையில் கிளி வாங்கிய துண்டுச்சீட்டு புண்ணியமாக வெளியே வந்தது. காவல் பணியாளர் என்று எழுதச் சொல்லிவிட்டார் சித்தர். பெயின்டரின் மாமியாருக்குப் பல்செட் கட்டிய பில்லும் தேறியது. வாடிக்கையாளர் போன் பண்ணினால் மாமியார்தான் எடுத்துப் பேசுகிறார், பல் இல்லாமல் எப்படிப் பேசுவார் என்று பெயின்டரே நமக்கு விளக்கம் சொன்னார்.

இந்தக் கூட்டத்தில் ஓர் எலக்ட்ரீஷியன். நல்ல வேலைக்காரர். சுவருக்குள் ஓடுகிற வயரைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பார். தன் தலைக்குள் என்ன ஓடுகிறது என்பதை மட்டும் தட்டிப் பார்த்ததில்லை. முந்தின வாரம் பாதிப் பை பில்லைக் கொண்டுபோய்க் கறுக்க வைத்துவிட்டுச் சீட்டோடு வந்திருந்தார். அந்த நேரம் பார்த்து வரி அலுவலகத்திலிருந்து ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டார்கள்: வியாழக்கிழமை எல்லா பில்லையும் கொண்டுவரவும். பில் இல்லையென்றால் கழிவும் இல்லை, சம்பாதித்த முழுத் தொகைக்கும் வரி. அதைக் கட்ட வேண்டுமானால் வேனை விற்க வேண்டும். வேனை விற்றுவிட்டு ஏணியைத் தலையில் சுமந்துகொண்டா வேலைக்குப் போவது?

மனிதர் என்ன செய்தார்? மீதிப் பையையும் எடுத்துக்கொண்டு சித்தரிடம் கிளம்பினார்.

அவருடைய மனைவி அப்போது அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் ஏதோ மொடமொடவென்று இருந்தது. எடுத்துப் பார்த்தால் பல்பு வாங்கிய பில், கன்னங்கரேலென்று. அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பில்லின் அடியில் வெள்ளையாக மிஞ்சியிருந்த ஓரத்தில் இஸ்திரிப் பெட்டியை வைத்து எடுத்தார். அதுவும் கறுத்தது. பக்கத்தில் கிடந்த பழைய செய்தித்தாளில் வைத்தார். கறுக்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

“ஏங்க, அந்தச் சாமி பீடத்துக்குள்ள என்ன இருக்கு?”

“ஒண்ணுமில்லையே. ஒரு பிளக் பாயின்ட் இருக்கு. நான்தான் வயர் இழுத்துக் குடுத்தேன், காசுகூட வாங்கல.”

“பீடத்துக்கு எதுக்குங்க கரன்ட்?”

“சாமிக்குக் கை குளிருமாம்.”

கேட்டீர்களா? தன் பில்லைச் சுட்டுப் பொசுக்குகிற அடுப்புக்குத் தானே வயர் இழுத்துக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்காத மகானுபாவர் இவர். மனைவி சண்டை போடவில்லை. நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டார். பையை மட்டும் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

மாடியில் அவர்கள் முறை வந்தது. மனைவி பில்லுக்குப் பதிலாக, வழியில் ஒரு கடையில் கேட்டு வாங்கிய, எதுவும் அச்சடிக்காத பில் காகிதத் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தார். எதுவும் வாங்கவில்லை, எதுவும் விற்கவில்லை, வெறும் காகிதம். அதுவும் கறுத்தது. இதில் என்ன பாவம் என்று கேட்டார். சித்தர் அசரவே இல்லை. இது நீ இனிமேல் வாங்கப்போகிற பொருளின் பாவம் என்றார். கூட்டம் புல்லரித்துப்போயிற்று. நடந்த பாவத்தை எவனும் சொல்வான், நடக்கப்போகிற பாவத்தைச் சொல்ல எத்தனை பேரால் முடியும் என்று டைல்ஸ்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மாள் கணவர் பக்கம் திரும்பினார்.

“அந்தப் பிளக்கைப் பிடுங்குங்க.”

எலக்ட்ரீஷியன் சித்தரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிடுங்கினால் சாமி குத்தம், பிடுங்காவிட்டால் வீட்டில் குத்தம். ஆனால் வேன் நினைவுக்கு வந்தது. குனிந்து பிடுங்கிவிட்டார். தட்டு ஆறுகிறவரை அந்த அம்மாள் காத்திருந்தார். பிறகு பெயின்டரிடம் ஒரு பில்லை வாங்கி வைத்தார், பெயின்டில் கலக்கும் தின்னர் வாங்கியதற்கு மெஷினில் அச்சடித்தது. கறுக்கவில்லை. இன்னொன்று வைத்தார். அதுவும் அப்படியே இருந்தது. என் அருளால் உங்கள் பாவமெல்லாம் தீர்ந்தது என்று சித்தர் எழப் பார்த்தார். உட்காருங்க ஐயா, அவசரமில்லை என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பிளக்கை மறுபடி மாட்டச் சொன்னார். சற்று நேரத்தில் அதே பில் தட்டிலேயே கறுத்தது.

“தீர்ந்த பாவம் எப்படிங்க ஐயா கரன்ட் வழியா திரும்பி வரும்?”

சித்தர் வாயைத் திறப்பதற்குள் குழாய்க்காரர் வெல்வெட் துணியை உருவினார். உள்ளே மின்சார அடுப்பு ஒன்று சிவப்பு விளக்கோடு அருள்பாலித்துக்கொண்டிருந்தது. மெஷின் பில் காகிதம் சூடு பட்டாலே கறுக்கிற ஜாதி, கையால் எழுதுகிற காகிதம் அப்படி இல்லை, பாவக் கணக்கு அவ்வளவுதான். நம்பிக்கை இல்லாமல் தட்டில் கை வைத்துப் பார்த்த குழாய்க்காரர் அறை முழுக்க ஒரு சுற்றுக் குதித்தார். சித்தர் பின்பக்கப் படியால் தியானத்துக்குப் புறப்பட்டார். ஆனால் அந்தப் படியிலும் பில் பையோடு வரிசை நின்றுகொண்டிருந்தது. தன் புகழே தனக்கு வழி விடாமல் மாட்டிக்கொண்ட முதல் சித்தர் அவராகத்தான் இருப்பார். போலீஸ் வந்துதான் இறக்கியது.

வீட்டுக்கு வந்ததும் கணவரும் மனைவியும் மீதிப் பையைத் தரையில் கொட்டிப் பிரித்தார்கள். வயர், சுவிட்ச், வேன் பெட்ரோல் எல்லாம் இந்தப் பக்கம். சித்தர் தேற்றிவிட்ட சோபா பில் அந்தப் பக்கம். கறுத்துப்போனவற்றுக்காக ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார்கள். வாங்கிய தேதியைச் சொன்னதும் கடைக்காரர்கள் கம்ப்யூட்டரில் தேடி மறுபடி அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒருவரும் மந்திரம் சொல்லவில்லை. வியாழக்கிழமை அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துக் கழித்துக் கொடுத்தார். வேன் வாசலிலேயே நின்றது.

இத்தோடு கதை சுபமாக முடிந்திருக்க வேண்டும். நம் ஆட்கள் விடுவார்களா? மறுநாள் காலையில் அந்த வீட்டு வாசலில் நாலு வேன். முதலில் இறங்கியவர் பெயின்டர். பையை நீட்டியபடி குழைந்தார்.

“அக்கா, உங்க கைராசியே தனி. எங்க பில்லையும் ஒருதடவை தொட்டுக் குடுத்துடுங்க.”

“தொட மாட்டேன். நீங்களே உட்கார்ந்து படிங்க. மாமியார் பல்லைத் தனியா எடுத்து வச்சிட்டுப் படிங்க.”

கதவைச் சாத்திவிட்டார். பெயின்டர் வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அம்மாவுக்குக் காணிக்கை போதவில்லை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார்.

ஐயா, பெட்ரோலைச் செலவழித்தால் பில் வேண்டும், பெயின்டைச் செலவழித்தால் பில் வேண்டும். மூளையைச் செலவழித்தால் மட்டும் எவனும் வந்து பில் கேட்க மாட்டான். பயப்படாமல் கொஞ்சம் செலவழித்துப் பாருங்கள்.