ஊறுகாய் பாட்டிலில் நீலப் பாசி

இந்த வீட்டில் இனி ஒரு பாசிமணிகூட இருக்கக்கூடாது என்று கிளீட்டஸ் ஆகிய நான் ஒரு செவ்வாய்க்கிழமை தீர்மானித்தேன். தீர்மானத்தைச் சத்தமாகவும் சொன்னேன். கேட்க ஆளில்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னதுதான் ஒரே குறை.

என் மனைவி செசிலியும் அவளோடு பள்ளியில் படித்தவர்களும் வாட்ஸ்அப்பில் கூடி, சனிக்கிழமை சிதறால் மலைக்குப் போவதாக ஏற்பாடு. பத்தாம் வகுப்பில் சுற்றுலா போன அதே மலை. அன்றைக்கு ஓடி ஏறியவர்கள் இன்றைக்கு முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஏறப் போகிறார்கள். ஒவ்வொருத்திக்கும் தன் கையால் பாசி வளையல் கோத்துக் கொடுக்க வேண்டும் என்று இவளுக்கு ஆசை. ஒரு வாரமாக வீடெல்லாம் பாசி. படுக்கையில் பாசி. மீன் குழம்பில் பாசி. கடித்துப் பார்த்துத்தான் எது சினை, எது பாசி என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அப்பா விட்டுப்போன நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டிருந்தேன். அதன் கால் கொஞ்சம் ஆடும். நாளைக்குச் சரிசெய்ய இருக்கிறேன். பொறுமை போனது, அவள் அந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்தபோதுதான்.

"ஏட்டி, அது நம்ம நீலப் பாசியில்லியா?"

"ஆமா. வளையல்ல ஆளுக்குக் கொஞ்சம் வச்சு கோக்கப் போறேன். நல்ல நெறம்லா."

"அது நான் ஒனக்கு வேண்டித் தந்த மாலை."

"மாலையா? பாட்டில்லதான கெடக்கு."

"கோத்துத் தாறேன்னு சொன்னம்லா?"

"சொன்னிய. நம்ம மவ அபினாக்க மோன் இழுத்து அறுத்த அண்ணைக்கே சொன்னிய. அவன் இப்ப பள்ளிக்கூடம் போறான்."

"நாளைக்கு..."

"நாளைக்கு எனக்க கூட்டுகாரியளுக்க வளையல்ல கெடக்கும்."

கல்யாணமான வருஷம் கோட்டாறு சவேரியார் கோயில் திருநாளுக்குப் போயிருந்தோம். திருநாள் கடை ஒன்றில் இந்த நீல மாலைக்கு முன்னால் செசிலி நின்றாள். கேட்கவில்லை. நின்றாள், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு வைத்திருந்ததைக் கொடுத்து வாங்கிவிட்டேன். பிறகு ஒரே சாயாவை இரண்டு பேரும் மாறி மாறிக் குடித்தோம். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலை சாய்த்து, வழியெல்லாம் பாசியை விரலால் உருட்டிக்கொண்டே வந்தாள். அந்த விரல்களை நான் இன்னும் மறக்கவில்லை. அதைப் போய் ஊருக்கெல்லாம் பங்கு வைப்பதா? எனக்கு நெஞ்சு வலித்தது. செசிலியிடம் நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவாள். ஆகவே சதி செய்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம், கோத்த வளையல்களைத் தட்டில் வைத்துவிட்டு அவள் ஜெபக் கூட்டத்துக்குப் போனாள். கதவைச் சாத்தினேன். குளச்சல் பேன்சி கடையில் வாங்கிக் கைலி மடிப்பில் ஒளித்து வைத்திருந்த புது நீலப் பாசியை எடுத்தேன். அச்சு அசல் அதே நிறம். வளையல்களின் நூலை வெட்டி, என் பாசியை உருவிக்கொண்டு, கடைப் பாசியைச் சேர்த்தேன். வெட்டிய நூல் திரும்பக் கட்ட எட்டவில்லை. என்ன போயிற்று? தூண்டிலுக்கு வைத்திருந்த தங்கூசி நரம்பிலேயே எல்லா வளையல்களையும் கோத்து, வலைக்குப் போடும் முடிச்சைப் போட்டேன். பாதி ஆயுசு கடலில் கழித்த கை அது. வேறு முடிச்சு அதற்குத் தெரியாது.

கடைசியில் என் பாசியையும் கோத்து முடித்தேன். மாலை மறுபடி மாலையானது. அதை டூல்ஸ் பெட்டியில், ஆணிகளுக்கு அடியில் ஒளித்தேன். அந்தப் பெட்டியை இந்த வீட்டில் யாரும் திறப்பதில்லை, நான் உட்பட.

வெள்ளிக்கிழமை முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். சனிக்கிழமை காலையில் செசிலி புதுச் சேலையில் வெளியே வந்தாள். கழுத்தில் நீல மாலை.

"இது... எங்கேருந்து எடுத்த?"

"ஒங்களுக்க டூல்ஸ் பெட்டியிலேருந்து. வேற எங்க ஒளிக்கத் தெரியும் ஒங்களுக்கு?"

"நான்தான் எடுத்தேன்னு யாரு சொன்னா?"

"நூலுல கோத்து வச்சிட்டுப் போனேன். வந்து பாத்தா எல்லாம் தங்கூசி. ஒண்ணொண்ணுலயும் வலை முடிச்சு. மாதாவா வந்து போட்டுட்டுப் போனா? எனக்கும் அந்த நூலு அறுந்துபோவுமோன்னு பேடியாத்தான் இருந்து. இனி அவளுவ மலையிலேருந்து உருண்டாலும் வளையல் அறாது."

"அப்பம் நான் எடுக்கணும்னுதான் வச்சியா?"

"கோத்துத் தாங்கன்னு கேட்டா நாளைக்கும்பிய. அடுத்தவளுக்குக் குடுக்கப் போறேன்னா ஒங்களுக்கு ரெண்டு நாளு தாங்காது."

கோபப்படத்தான் பார்த்தேன். ஆனால் பேசிக்கொண்டே அவள் பாசியை விரலால் உருட்டினாள். அதே உருட்டல். கோட்டாறு பஸ்ஸும் அந்த ஜன்னல் கம்பியும் கண்முன் வந்துவிட்டன.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவளுடைய கூட்டுக்காரி அபிதா உள்ளேயிருந்து கை காட்டினாள். ஏறப்போன செசிலி திரும்பிப் பார்த்தாள்.

"சொல்ல மறந்துட்டேன். அபிதாக்க மாப்பிள்ளைக்கு ஒரு நாற்காலி வேணுமாம். ஒங்க அப்பாக்க நாற்காலிய வரும்போ ஏத்திவிடட்டா? காலு ஆடுதத நமக்கு என்னத்துக்கு?"

ஆட்டோ தெருமுனை திரும்பும் முன்பே சுத்தியலைத் தேடி உள்ளே ஓடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. டூல்ஸ் பெட்டியை நாற்காலிக்குப் பக்கத்தில் திறந்தே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.