பெட்டி ஒன்று, சர்வர் பதினாலு

"மிச்சம் பதிமூணு எங்கே?"

சொத்துக் கணக்கெடுக்க வந்த அதிகாரி இனாம்தார் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பதிவேட்டில் 'சர்வர்கள்: பதினான்கு' என்று இருந்தது. அறையில் ஒரே ஒரு கறுப்புப் பெட்டிதான் இருந்தது.

மாலதேஷ் ஹுப்பள்ளி கௌரி பால் ஒன்றியத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை வேலை நிரந்தரமாக வேண்டும். பதினான்கு என்று எழுதிக் கொடுத்த உத்தமனும் அவனேதான்.

"எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு. விர்ச்சுவல் மெஷின்னு பேரு. பெட்டி ஒண்ணு, உள்ள சர்வர் பதினாலு. பால் பதியற அப்ளிகேஷனுக்கு ஒண்ணு, டேட்டாபேஸுக்கு ஒண்ணு..."

"உள்ளயா? திறந்து காட்டு."

"திறந்தாலும் தெரியாது சார். ஒரே வீட்ல பதினாலு குடித்தனம் இருக்கற மாதிரி."

"குடித்தனம்னா கதவு நம்பர் இருக்குமே?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாலதேஷ் பதினான்கு சொத்து எண்களையும் சீட்டில் எழுதிப் பெட்டி முழுக்க ஒட்டினான்.

இனாம்தாருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு பொருளுக்குப் பதினாலு நம்பரா? கார்வார்ல ஒருத்தன் நாற்காலிக்கு இதே வேலையைப் பண்ணான். இப்ப வீட்ல உட்கார்ந்திருக்கான். தரையில."

"சார், சார், திரையில பாருங்க! இதெல்லாம் நிஜமாவே ஓடிட்டிருக்கு. வேணும்னா உங்க கண்ணு முன்னாடியே புதுசா ஒண்ணு உண்டாக்கிக் காட்டறேன்."

நாலு தட்டுத் தட்டினான். பட்டியல் பதினைந்தாயிற்று. மாலதேஷ் பெருமையாகத் திரும்பினான். இனாம்தார் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார்.

"டெண்டர் விட்டியா?"

"சார்?"

"புதுசா ஒரு சர்வர் வந்திருக்கே. கொள்முதல் உத்தரவு எங்கே?"

"ஐயோ, அழிச்சிடறேன் சார்!"

"அழிப்பியா? பழசைக் கழிக்கற கமிட்டியோட அனுமதி இல்லாம, ஒன்றியத்துச் சொத்தை, என் கண் எதிர்லயே?"

அந்தக் குரலைக் கேட்டு மாலதேஷ் தட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். அழிக்குமுன் புதியதை நிறுத்தப் போன தட்டு ஒரு வரி மேலே விழுந்தது. டேட்டாபேஸ் சர்வர் நின்றுபோனது.

மணி ஐந்தரை. இருநூறு ஊர்களில் சாயங்காலப் பால் ஊற்றுகிற நேரம். நிமிஷத்தில் போன் அடித்தது.

"என்ன சாகேப், எடை பதிய மாட்டேங்குது! எருமைக்காரங்க என் சட்டையைப் பிடிச்சுட்டாங்க!" என்று ஹொசூர் கிராமப் பால் சங்கச் செயலாளர் அலறினார். அவருக்குப் பின்னால் எருமைகளும் அலறின.

மாலதேஷ் டேட்டாபேஸை மறுபடி கிளப்பினான். அது எழுந்து, 'சரிபார்க்கிறேன்' என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது. இத்தனை நாள் ஊற்றிய பால் விவரமெல்லாம் போயிருந்தால்? வேலை போவது இருக்கட்டும், ஊரைவிட்டே ஓட வேண்டியிருக்கும். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. மனைவியையும் கூட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? அவனுக்கு அழுகை வந்தது.

நான்கு நிமிஷம் கழித்து டேட்டாபேஸ் வந்தது, எல்லா விவரங்களோடும். ஆனால் அது வந்தது அப்ளிகேஷன் சர்வருக்குத் தெரியவில்லை. அதையும் நிறுத்திக் கிளப்பினான். போன்கள் ஓய்ந்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இத்தனைக்கும் நடுவே இனாம்தார் ஒரு தட்டுப் பொரி கிர்மிட் வரவழைத்துச் சாப்பிட்டபடி அறிக்கையை எழுதி முடித்திருந்தார். 'பதிமூன்று சர்வர்களைக் காணவில்லை. ஒன்று டெண்டர் இல்லாமல் வாங்கப்பட்டது. ஒன்று என் முன்னிலையில் செத்துப் பிழைத்தது. பொறுப்பாளரைப் பணிநீக்கம் செய்யலாம்.'

"சார், ஒரே ஒரு தடவை..."

"என் கையில என்னப்பா இருக்கு? இது நாலு பேர் குழு. நாலு பேரும் ஒரே மாதிரி முடிவு பண்ணியாச்சு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

மாலதேஷ் அறிக்கையின் அடியைப் பார்த்தான். நான்கு பெயர், நான்கு கையெழுத்து. சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. மற்ற மூவரில் ஒருவருக்காவது கம்ப்யூட்டர் தெரிந்திருக்காதா?

அறிக்கைக் கோப்பை எடுத்துப்போக இனாம்தாரின் ஜீப் டிரைவர் ஈரப்பா உள்ளே வந்தார். மாலதேஷ் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "ஈரப்பண்ணா, மத்த மூணு ஆபீஸரும் எங்க இருக்காங்க? ஜீப்லயா? அவங்க கால்லயாவது விழுந்து கேக்கறேன்."

ஈரப்பா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒன்பது வருஷமா ஜீப்ல நானும் அவரும் மட்டும்தான் சாகேப். மத்த மூணு பேரும் அவருக்குள்ளதான் இருக்காங்க."